பாய்மரக் கப்பலுக்குக் கயிறு கட்டுவோம்

வீட்டு அலமாரிகளிலும் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளிலும் மரத்தால் செய்த பாய்மரக் கப்பல்களை நாம் பார்த்திருக்கிறோம். பளபளப்பான உடல், மூன்று மரங்கள், விறைப்பான வெள்ளைப் பாய்கள், அவற்றுக்கிடையே சிலந்தி வலை போலச் சில நூல்கள். பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் அருகே சென்று ஒரு நூலை மட்டும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அது எங்கோ தொடங்கி, எங்கோ பசையால் ஒட்டப்பட்டு முடிந்துவிடும். அந்த நூலுக்கு அங்கே வேலை ஏதும் இராது.

உண்மையான கப்பலில் வேலையில்லாத கயிறு ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே மாதிரிக் கப்பலுக்குக் கயிறு கட்ட உட்காரும்போது ஒவ்வொரு நூலையும் பார்த்து நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நீ எங்கிருந்து புறப்படுகிறாய்? எங்கே போய் முடிகிறாய்? உன் வேலை என்ன? மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். கைவேலையில் ஆர்வமுள்ள மாணவியருக்காகவும், வீட்டில் அவர்களுக்குத் துணைநிற்கும் பெற்றோருக்காகவும் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

நம் கரையும் கயிறும்

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையின் இரைச்சலுக்கு நடுவே வாழும் நமக்குக் கடல் ஏதோ தொலைவில் இருப்பது போலத் தோன்றும். உண்மையில் சில கிலோமீட்டர் கிழக்கே சென்றால் நொச்சிக்குப்பமும் பட்டினப்பாக்கமும் வந்துவிடும். அந்தக் கரையின் பழைய கலங்கள் எல்லாம் கயிற்றை நம்பியே கடலில் இறங்கின.

கட்டுமரம் என்ற பெயரே அதைச் சொல்லும். மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களை உலரவைப்பார்கள். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். இந்தச் சொல் ஆங்கிலத்துக்கும் போய், இன்று உலகெங்கும் இரட்டை உடல் படகுகளுக்குப் பெயராக வழங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்படும் வரை, கப்பலில் வந்த பயணிகளையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருந்தார்கள். ஆணியால் இறுக்கிய படகு அலை மோதும்போது பிளந்துவிடும். தைத்த படகோ அலைக்கு ஏற்றபடி நெளிந்து கொடுக்கும். தையல் வகுப்பில் துணியை இணைக்கக் கற்கும் நமக்கு, ஒரு படகையே தைத்துக் கடலில் விட்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பது மகிழ்ச்சி தரும் செய்தி அல்லவா?

பெரிய கப்பல்களும் நமக்குப் புதியவை அல்ல. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாதவாகனரின் கப்பல் காசுகள் சோழமண்டலக் கரையில் கிடைத்துள்ளன. விரல் நுனி அளவுள்ள அந்தக் காசில் இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல் தெரியும். சங்க நூல்களில் பாய்மரத்துக்குக் கூம்பு என்றும், பாய்க்கு இதை என்றும் பெயர் உண்டு.

பாய்மரம் முறிந்தால் கப்பலின் கதி என்ன என்பதற்கு மணப்பாட்டில் ஒரு நினைவு நிற்கிறது. 1540-இல் புயலில் அகப்பட்ட போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் ஒடிந்த பாய்மரத்திலிருந்து செய்த சிலுவையே அங்குள்ள குன்றின்மேல் முதலில் நடப்பட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அந்த ஊருக்கு வந்தார். மரம் ஒடிந்தும் கரைசேர்ந்தவர்கள் அதை ஏன் அத்தனை பெரிய அருளாக எண்ணினார்கள் என்பது, கயிறுகளின் வேலையைப் படித்தபின் நமக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

எந்தக் கப்பலை எடுத்துக்கொள்வோம்?

பெரும்பாலான புத்தகங்கள் ஐரோப்பியப் போர்க்கப்பல்களையே மாதிரிக்குக் காட்டுகின்றன. நமக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ அது. நீளம் 89 அடி. உடல் வேப்ப மரம். இரண்டு பாய்மரங்கள். அந்த ஊர்க் கப்பல்கள் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சென்று வாணிகம் செய்துவந்தன.

சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இந்தக் கப்பலை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் சூட்டினார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த தமிழ் மாலுமிகள் ஐவர் அதில் சென்றனர். செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் ஆகியவற்றைக் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலையும் தாண்டி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது அந்தக் கப்பல். அந்த ஐவரின் உயிரும் பல மாதங்கள் கயிறுகளின் முறுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்த வகைக் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு, மாணவியரின் கைக்கு அடங்கும்படி கயிறுகளை எளிமைப்படுத்திக்கொள்கிறோம். முன்மரத்தில் குறுக்குக் கழிகளில் கட்டிய சதுரப் பாய்கள். பின்மரத்தில் கப்பலின் நீளவாட்டில் விரியும் பெரிய பாய். கப்பலின் உடலைச் செதுக்கி முடித்து, மேல்தளமும் ஒட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்குவோம்.

பெயர்களை அறிந்துகொள்வோம்

கப்பலின் முன்பக்கம் அணியம். பின்பக்கம் அமரம். அடியில் ஓடும் முதுகெலும்பு ஏரா. அதிலிருந்து விலா எலும்புகள் போல எழுபவை வங்குகள். பாயைத் தாங்கும் குறுக்குக் கழி பருமல். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். கயிறு ஓடுவதற்கு உருளை பொருத்திய கட்டை கப்பி. கிணற்றடியில் இருப்பதும் இதே கப்பிதான். தோணிக்காரர்களும் மீனவர்களும் வாயால் வழங்கிவந்த இந்தச் சொற்களை நாமும் வழங்குவோம். அணியத்திலிருந்து கடலை நோக்கி மூக்குப் போல நீண்டிருக்கும் கழியை இங்கே முன்தண்டு என்று சொல்வோம்.

கயிறுகள் இரண்டு வகை. மரத்தை நிமிர்த்தி நிறுத்துபவை முதல் வகை. இவை கட்டிய இடத்தில் அசையாமல் நிற்கும். இவற்றை நிற்கும் கயிறுகள் என்போம். பாயையும் பருமலையும் ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் பயன்படுபவை இரண்டாம் வகை. இவை கப்பிகளின் வழியே ஓடும். இவை ஓடும் கயிறுகள். நிற்கும் கயிறுகளை முதலில் முடித்துவிட்டுத்தான் ஓடும் கயிறுகளைத் தொட வேண்டும். இதுவே முதல் விதி.

அளவுக் கணக்கு

ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்ற அளவை எடுத்துக்கொள்வோம். அதாவது 48-இல் ஒரு பங்கு. 89 அடிக் கப்பல் 22¼ அங்குலமாகச் சுருங்கும். மேசைமேல் வைக்கத் தக்க அளவு.

உடலைச் சுருக்கியது போலவே கயிற்றின் தடிமனையும் சுருக்க வேண்டும். மாலுமிகள் பழங்காலத்தில் கயிற்றைச் சுற்றளவால் அளந்தார்கள். 6 அங்குலக் கயிறு என்றால் சுற்றளவு 6 அங்குலம். அதன் விட்டம் ஏறத்தாழ 1.9 அங்குலம். அதை 48-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வரும். இதிலிருந்து எளிய வாய்பாடு ஒன்று கிடைக்கிறது. நம் அளவில், கயிற்றின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து 6-ஆல் வகுத்தால், வேண்டிய நூலின் தடிமன் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். 3 அங்குலக் கயிற்றுக்கு அரை மில்லிமீட்டர் நூல். ஒன்றரை அங்குலக் கயிற்றுக்குக் கால் மில்லிமீட்டர் நூல்.

நூலின் தடிமனை எப்படி அளப்பது? பென்சிலின்மேல் நூலை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல 20 சுற்று சுற்றுங்கள். சுற்றிய அகலத்தை அளவுகோலால் அளந்து 20-ஆல் வகுத்துவிடுங்கள். 20 சுற்றும் 10 மில்லிமீட்டர் இடத்தை அடைத்தால் நூலின் தடிமன் அரை மில்லிமீட்டர். வகுப்பறையில் கற்ற சராசரி இங்கே கைகொடுக்கிறது.

ஒரே தடிமன் நூலால் எல்லாவற்றையும் கட்டினால் கப்பல் பொம்மையாகத் தோன்றும். மரத்தைத் தாங்கும் முன்கயிறு மிகத் தடித்தது. பக்கக் கயிறுகள் அதைவிடச் சற்று மெலிந்தவை. பாயை இழுக்கும் கயிறுகள் இன்னும் மெலிந்தவை. குறைந்தது நான்கு தடிமன்களில் நூல் வைத்துக்கொள்ளுங்கள்.

நூலைத் தயார் செய்தல்

லினன் நூல் கிடைத்தால் சிறப்பு. இல்லையென்றால் நல்ல முறுக்குள்ள பருத்தி நூல் போதும். நைலான் நூல் வழுக்கும், முடிச்சு நிற்காது. பருத்தி நூலில் பூனைமயிர் போன்ற இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். நம் அளவில் ஓர் இழைகூடக் கண்ணுக்குப் பெரிய குறையாகத் தெரியும். ஆகையால் நூலைத் தேன்மெழுகுக் கட்டியின்மேல் இரண்டு மூன்று முறை இழுத்து, பிறகு விரல்களுக்கிடையே அழுத்தி ஓட்டுங்கள். இழைகள் படிந்துவிடும்.

தடித்த கயிறு வேண்டுமானால் நாமே திரித்துக்கொள்ளலாம். தேங்காய் நார்க் கயிறு திரிப்பவர்கள் செய்வதைப் பாருங்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குவார்கள். பின் புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். ஒன்று அவிழ முயலும்போது மற்றது இறுகும். அதனால்தான் கயிறு தானாகப் பிரிவதில்லை. மூன்று தையல் நூல்களை இம்முறையில் திரித்தால் உண்மைக் கயிற்றின் வரிகள் அப்படியே தெரியும்.

அடுத்தது நிறம். நிற்கும் கயிறுகளுக்கு வெயிலும் உப்பும் தாக்காதபடி கப்பல்களில் கீல் பூசுவது வழக்கம். எனவே அவை கருமை அல்லது கரும்பழுப்பு. ஓடும் கயிறுகள் கப்பிகளில் தடையின்றி ஓட வேண்டும் என்பதால் கீல் பூசுவதில்லை. அவை வைக்கோல் நிறம். கெட்டியாகக் காய்ச்சிய தேயிலைச் சாற்றில் வெள்ளை நூலை ஊறவைத்து உலர்த்தினால் இந்த நிறம் வந்துவிடும். சாயமேற்றுவதை மெழுகு பூசுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். இந்த ஒழுங்கைப் பின்பற்றினால், கப்பலைப் பார்ப்பவர் எது நிற்கும் கயிறு, எது ஓடும் கயிறு என்பதை நிறத்தாலேயே அறிந்துகொள்வார்.

நிற்கும் கயிறுகள்

விளையாட்டு விழாவுக்கு ஷாமியானா போடுவதைக் கவனித்திருப்பீர்கள். கம்பத்தை நட்டதும் நாற்புறமும் கயிறு இழுத்து முளையில் கட்டுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் கம்பம் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். பாய்மரமும் இப்படித்தான். முன்னோக்கி இழுப்பது முன்கயிறு. இரு பக்கமும் இழுப்பவை பக்கக் கயிறுகள். இவற்றை ஆங்கிலத்தில் ஸ்டே என்றும் ஷ்ரவுட் என்றும் வழங்குவார்கள். பக்கக் கயிறுகள் கப்பலின் விளிம்பில் மரத்துக்குச் சற்றுப் பின்னால் தள்ளிக் கட்டப்படுவதால், பக்கத்துக்கும் பின்னோக்கியும் சேர்ந்தே இழுக்கும்.

முதலில் முன்தண்டைக் கீழ்நோக்கி இழுத்து அணியத்தோடு பிணைக்கும் கயிற்றைக் கட்டுங்கள். ஏன் இது முதலில்? முன்மரத்தின் முன்கயிறு இந்த முன்தண்டில்தான் வந்து முடிகிறது. அடியில் பிடிப்பில்லாவிட்டால், முன்கயிற்றை இறுக்கும்போது முன்தண்டு மேல்நோக்கி வளைந்துவிடும். ஒரு கயிற்றின் பலம் அடுத்த கயிற்றைச் சார்ந்திருக்கிறது என்பதை இங்கே கண்ணால் காணலாம்.

அடுத்துப் பக்கக் கயிறுகள். ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்துக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். ஒரே நூலை நடுவில் மடித்து, மடிப்பை மரத்தின் தலையில் மாட்டினால் இரண்டு கயிறுகள் ஒரு பக்கமாக இறங்கும். முதல் சோடி வலப்பக்கம், இரண்டாம் சோடி இடப்பக்கம், மூன்றாவது மறுபடியும் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி மாட்டுங்கள். முன்னே இருப்பதிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். எல்லாப் பக்கக் கயிறுகளும் ஏறிய பின்னரே முன்கயிற்றின் வளையத்தை அவற்றுக்கு மேலே மாட்ட வேண்டும். பின்மரத்தின் முன்கயிறு முன்மரத்தின் அடியில் தளத்தோடு வந்து சேரும்.

பக்கக் கயிற்றின் கீழ்நுனியில் மூன்று துளையுள்ள வட்டக் கட்டை ஒன்று இருக்கும். கப்பலின் விளிம்பில் அதே போன்ற இன்னொன்று. இரண்டையும் ஒரு மெல்லிய கயிறு மேலும் கீழுமாகக் கோத்து இணைக்கும். இதை டெட்-ஐ என்பார்கள். மூன்று துளைகளும் இரு கண்களும் வாயும் போலத் தோன்றும். பலமுறை கோத்த கயிற்றை இழுக்கும்போது சிறு விசையால் பெரிய இழுப்பு கிடைக்கிறது. இயற்பியலில் படிக்கும் கப்பித் தொகுதியின் கணக்குத்தான் இது. கடற்பயணத்தில் கயிறு நீண்டு தளர்ந்தால் இந்த இடத்தில்தான் மீண்டும் இறுக்குவார்கள். நமக்கு 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருண்டைக் குச்சியின் நுனியில் மெல்லிய துளைப்பானால் மூன்று துளையிட்டு, பின் குச்சியை வில்லை வில்லையாக நறுக்கினால் போதும்.

இறுக்குவதில் பொறுமை வேண்டும். எல்லாவற்றையும் கட்டி, இரு பக்கமும் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒவ்வொரு சோடிக்குப் பிறகும் கப்பலை அணியத்துக்கு நேராகத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மரம் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். முன்கயிற்றை அளவுக்கு மீறி இழுத்தால் பின்னால் உள்ளவை விறைத்துக்கொள்ளும். மரம் வில்லாக வளையும். பக்கக் கயிறுகளை மிஞ்சி இழுத்தால் முன்கயிறு விறைத்துக்கொள்ளும். எல்லாம் சமநிலைக்கு வரும்வரை எதையும் பசையிட்டு முடிக்கக் கூடாது.

ஏணிப் படிகள்

பாயைச் சுருட்ட மாலுமிகள் மேலே ஏற வேண்டும். பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே கட்டிய சிறு கயிறுகளே அவர்களுக்கு ஏணி. படிக்கும் படிக்கும் இடையே 15 அங்குலம் என்றால் நம் அளவில் 5/16 அங்குலம். ஒரு வெள்ளை அட்டையில் இந்த இடைவெளியில் கோடுகள் போட்டு, பக்கக் கயிறுகளுக்குப் பின்னால் செருகிக்கொள்ளுங்கள். கோட்டைப் பார்த்து நூல் கட்டினால் படிகள் ஏறுமாறாகப் போகாது.

ஓரக் கயிறுகளில் நூல் நுனியை முடிந்து, நடுக் கயிறு ஒவ்வொன்றிலும் இரட்டைச் சுற்று முடிச்சுப் போடுங்கள். நூலை ஒருமுறை சுற்றி, தன்மேல் குறுக்காகக் கொண்டுபோய், மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுக்கு அடியில் நுனியைச் செருகினால் முடிச்சு தயார். நுனியைச் சிறிது நீர்கலந்த வெள்ளைப் பசையால் தொட்டுவிட்டு, உலர்ந்தபின் நறுக்குங்கள்.

இங்கே கவனம் தேவை. படியைச் சற்று இழுத்துக் கட்டினாலும் ஓரக் கயிறுகள் உள்நோக்கி வளைந்து, பக்கக் கயிறுகள் உடுக்கை வடிவம் அடைந்துவிடும். மனிதர் காலை வைக்கும் கயிறு சற்றுத் தளர்ந்தே தொங்கும். அதுவே இயல்பு. ஒரே மூச்சில் கீழிருந்து மேலே போகாமல், ஐந்து படிக்கு ஒன்று கட்டிவிட்டு இடைவெளிகளைப் பிறகு நிரப்பினால் இந்தக் கோணல் வராது.

ஓடும் கயிறுகள்

இனிப் பருமல்கள். ஒரு பருமலுக்கு என்னென்ன கயிறுகள் தேவை என்று யோசித்துப் பார்த்தாலே விடை கிடைக்கும். அதை மேலே ஏற்ற ஒரு கயிறு. இரு நுனியும் சாயாமல் கிடைமட்டமாக நிற்க மேலிருந்து இரண்டு கயிறுகள். காற்றுக்கு ஏற்றபடி பருமலைத் திருப்ப இரு நுனியிலிருந்தும் பின்னோக்கி இரண்டு கயிறுகள். பாயின் கீழ்மூலைகளை இழுத்துப் பிடிக்க இரண்டு தாமான்கள். பாயைச் சுருட்டும்போது அதே மூலைகளை மேலே தூக்க இரண்டு கயிறுகள். ஒரு பருமலுக்கே 9 ஆயிற்று! காரணம் தெரிந்துவிட்டதால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பின்மரத்தின் பெரிய பாய்க்குப் பருமல் கிடையாது. மேலே ஒரு சாய்கழியும் கீழே ஒரு கழியும் அதை விரித்துப் பிடிக்கும். கீழ்க்கழியைக் காற்றுக்கு ஏற்ப உள்ளும் புறமும் விடும் கயிறு அமரத்தை ஒட்டி முடியும்.

கட்டும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. கீழிருந்து மேலே, நடுவிலிருந்து ஓரத்துக்கு, உள்ளிருந்து வெளியே. பருமலைத் திருப்பும் கயிறுகள் முன்மரத்திலிருந்து பின்மரத்துக்குக் குறுக்கே நீளுவதால் அவற்றைக் கடைசியில் கட்டுங்கள். முன்பே கட்டிவிட்டால் நம் விரலும் இடுக்கியும் உள்ளே போக வழியிராது.

பாய்க்கு மெல்லிய மல் துணி ஏற்றது. அதையும் தேயிலைச் சாற்றில் நனைத்து வெண்மையைக் குறைத்துக்கொள்ளலாம். பாயைச் சுருட்டிக் காட்ட விரும்பினால் ஒன்றை மறவாதீர்கள். மேல் பருமல் பாய் விரிக்கும்போதுதான் உயரே ஏற்றப்படுகிறது. பாய் சுருண்டிருக்கையில் அது கீழே இறங்கித்தான் இருக்கும். சுருட்டிய பாயோடு மேல் பருமல் உச்சியில் நிற்கும் கப்பலைக் கடையில் கண்டால், அதைக் கட்டியவர் அந்தக் கயிற்றிடம் அதன் வேலையைக் கேட்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

இருட்டிலும் கை அறியும்

ஓடும் கயிறுகள் எல்லாம் கடைசியில் தளத்துக்கு இறங்கி, கப்பலின் விளிம்போரத்திலும் மரத்தடியிலும் உள்ள முளைகளில் எட்டு என்ற எண்ணின் வடிவில் சுற்றிக் கட்டப்படும். எந்தக் கயிறு எந்த முளையில் என்பது ஒவ்வொரு கப்பலிலும் மாறாத ஏற்பாடு. காரணம் உண்டு. நள்ளிரவு, கொட்டும் மழை, விளக்கு அணைந்துவிட்டது, தண்டல் குரல் கொடுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அப்போது மாலுமி தேடிக்கொண்டிருக்க முடியாது. கை நேராக அந்த முளைக்குப் போக வேண்டும். தவறான கயிற்றை அவிழ்த்தால் பருமல் கீழே விழும், ஆள் அடிபடுவார், மரம் முறியவும் கூடும்.

ஆகவே மாதிரி செய்யும் முன் ஒரு தாளில் தளத்தின் படம் வரைந்து, முளைகளுக்கு எண் இட்டு, எந்த எண்ணில் எந்தக் கயிறு என்று எழுதிக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தில் இருப்பது இடப்பக்கத்திலும் அதே இடத்தில் வர வேண்டும். கயிற்றைக் கட்டியபின் மீந்த நூலை வளையமாகச் சுற்றி முளையில் தொங்கவிடுங்கள். மீதிக் கயிறு இல்லாத முளை உண்மைக் கப்பலில் இருக்க முடியாது. பருமலை இறக்கும்போது விடுவதற்குக் கயிறு வேண்டுமல்லவா?

மழைக்காலமும் மாதிரிக் கப்பலும்

மழை நாளில் மொட்டை மாடியில் துணி உலர்த்தும் பருத்திக் கயிறு விறைத்துக்கொள்வதையும், வெயில் வந்ததும் தளர்வதையும் பார்த்திருக்கிறோம். இழைகள் நீரை உறிஞ்சிப் பருக்கும்போது முறுக்கிய கயிறு நீளத்தில் குறுகுகிறது. நம் மாதிரியின் நூலுக்கும் இதே குணம் உண்டு. சித்திரை வெயிலில் மிக விறைப்பாகக் கட்டிய கப்பல், ஐப்பசி மழையின் ஈரத்தில் இன்னும் இறுகி, மெல்லிய மரத்தை வளைத்துவிடும். தொய்வின்றி நேராக இருக்கும் அளவே போதும். மெழுகு பூசுவது ஈரத்தை ஓரளவு தடுக்கும். முடித்த கப்பலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் தூசியும் படியாது. நூலில் படிந்த தூசியைத் துடைக்க முயன்றால் நூல்தான் அறும்.

எதற்காக இத்தனை பாடு?

பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி எட்மண்ட் பாரி என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் தம் கடற்பயணங்களில் கண்ட பிற நாட்டுக் கலங்களையெல்லாம் அளந்து வரைந்தார். சோழமண்டலக் கரையின் படகுகளும் அவற்றுள் உண்டு. பிற்காலத்தில் பாரிசில் கடற்படை அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்றபோது அந்த வரைபடங்களைக் கொண்டு மாதிரிகளும் செய்வித்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி விரிவான ஆய்வு நூல் வெளியிட்டார். அவர்கள் குறித்துவைத்திராவிட்டால் நம் கலங்கள் பலவற்றின் அமைப்பு இன்று நமக்கே தெரிந்திராது.

தூத்துக்குடித் தோணிகள் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றன. பின்பு எந்திரம் வந்தது. நம் கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துக்கொண்டன. உழைப்பவர்களுக்கு எளிமை கிடைத்தது நல்லதே. ஆனால் பாய் போனதும் பருமலும் தாமானும் பேச்சிலிருந்து மெல்ல மறைகின்றன. கப்பலின் உடலைப் புகைப்படம் காப்பாற்றும். கயிறு எந்தக் கப்பியில் நுழைந்து எந்த முளைக்கு வந்தது என்பதைச் செய்து பார்த்த கையும், சொல்லித்தந்த வாயும்தான் காப்பாற்ற முடியும். உங்கள் உறவினரிலோ அண்டை அயலிலோ கடல்தொழில் செய்த தாத்தா ஒருவர் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கயிறுகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது ஒரு சிறந்த வீட்டுப்பாடம்.

கப்பலும் கயிறும் ஆண்களுக்கே உரியவை என்று எண்ண வேண்டாம். நம் கடற்படையின் ‘தாரிணி’ என்ற பாய்மரக் கலத்தில் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2018 மே மாதம் திரும்பினர். 2024 அக்டோபரில் அதே கலத்தில் இருவர் மட்டும் புறப்பட்டு, 2025 மே மாதம் வெற்றியுடன் கரை சேர்ந்தனர். ஒருவர் கேரளத்தின் தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. இரண்டே பேர் உள்ள கலத்தில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் தனியாகவே எல்லாக் கயிறுகளையும் ஆள வேண்டும். எந்தக் கயிறு எங்கே என்று அவர்களின் கைகள் அறிந்திருந்தன.

செய்து பாருங்கள்

1. உண்மைக் கயிற்றின் சுற்றளவு 4½ அங்குலம். 48-இல் ஒரு பங்கு மாதிரிக்கு எந்தத் தடிமன் நூல் வேண்டும்?

2. பென்சிலில் 20 சுற்று சுற்றிய நூல் 8 மில்லிமீட்டர் இடத்தை அடைக்கிறது. நூலின் தடிமன் என்ன? அது எத்தனை அங்குலச் சுற்றளவுள்ள கயிற்றைக் குறிக்கும்?

3. முன்தண்டின் கீழ்க்கயிறு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எந்தெந்தக் கயிறுகள் தளரும்? முன்மரம் எந்தப் பக்கம் சாயும்?

முதல் விடை முக்கால் மில்லிமீட்டர். இரண்டாவது 0.4 மில்லிமீட்டர், ஏறத்தாழ 2.4 அங்குலம். மூன்றாவது வினாவுக்கு விடையை இங்கே அச்சிடப் போவதில்லை. ஒரு தட்டையான பலகையில் இரண்டு குச்சிகளை நட்டு, நூல் கட்டி, ஒரு கயிற்றை மட்டும் அறுத்துப் பாருங்கள். குச்சியே விடை சொல்லும்.